தனியாக ஒரு பாட்டைப் பதியும்போது எதை முதலில் பதிவது?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். கையில் ஒரு கிட்டார், சின்னக் கீபோர்ட், மேலே இருந்து கையால் தட்டும் கஹோன் பெட்டி, சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் ஒரு கண்டென்ஸர் மைக், மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் இரண்டு இன்புட் உள்ள இன்டர்பேஸ், லப்டொப். சொந்தமாகக் கட்டிய, விரல் மீட்டல் கிட்டாரோடு போகும் மெதுவான நாலு நிமிடப் பாட்டு ஒன்று. கிட்டாரை முதலில் பதிந்து, அதற்கு மேல் பாடி, கடைசியில் கஹோன் தட்டப் போனபோது ஒன்றுமே உட்காரவில்லை என்கிறீர்கள். "தாளமா, கிட்டாரா, குரலா, எதை முதலில் பதிவது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வி கேட்கிறது. நாலு வெவ்வேறு நாளில் பதிந்த ஒரே ஆள், ஒரே அறையில் சேர்ந்திருந்து வாசித்த நாலு பேர் மாதிரி ஒலிப்பது எப்படி? வரிசையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு படுக்கையறையைப் பதிவறையாக்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதற்கு முன்னர் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசித்தேன். கிட்டார், கீபோர்ட், தபேலா, ஆர்மோனியம், குரல் என்று கையால் வாசித்துப் பதியும் பாட்டுகள்தான் என் பழக்கம். முழுக்கக் கணினிக்குள்ளேயே கட்டும் நடனப் பாட்டுகளுக்கு வழி வேறு. அதை அந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள்.

ஒரு இசைக்குழு வாசிக்கும்போது எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள். பாடுகிறவர் ஒரு சொல்லை இழுத்தால் தபேலாக்காரர் அந்த இடத்தில் விரலை அடக்குவார். கிட்டார் கொஞ்சம் உரத்தால் பாடுகிறவர் குரலை உயர்த்துவார். தனியாகப் பதியும்போது இந்தக் கேட்பு ஒருபக்கமாகி விடுகிறது. இரண்டாவது ட்ராக் (தனியாகப் பதியும் அடுக்கு) முதலாவதைக் கேட்கும், மூன்றாவது முதல் இரண்டையும் கேட்கும், ஆனால் முதலாவது ட்ராக் எதையுமே கேட்காமல் வாசிக்கப்பட்டது. உங்கள் கிட்டார் அப்படி வாசிக்கப்பட்டதுதான். கிளிக் (காதில் வேகம் காட்டும் தட்டொலி) இல்லாமல், குரல் இல்லாமல், தன் போக்கில் போயிருக்கிறது. சரணத்தில் தளர்ந்திருக்கும், பல்லவிக்குத் திரும்பும்போது ஓடியிருக்கும். குரல் அந்த ஓட்டத்தோடு ஒருமாதிரி நெளிந்து போய்விடும். கஹோனால் அது ஏலாது, தட்டு விழும் நொடி அப்படியே வெளியே தெரியும். ஆக யார் யாரைக் கேட்க வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். ட்ராக் வரிசை அதிலிருந்து வரும்.

ஒரு ட்ராக்கும் பதிய முன்னரே இரண்டு முடிவு எடுத்தாக வேண்டும்: கட்டை (எந்தச் சுருதியில் பாடுவது), வேகம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று, பல்லவியின் மிக உயர்ந்த இடத்தைப் பாடிப் பாருங்கள். பலர் கிட்டாரில் கைக்கு வசதியான கார்டில் (சுரக்கூட்டில்) பாட்டைக் கட்டிவிட்டு, தொண்டைக்கு ஒன்றரைக் கட்டைதான் சரி என்பதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது பதிந்ததெல்லாம் வீண். இன்றைக்கே கண்டுபிடித்தால் கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கேப்போவை ஒரு இடம் தள்ளிப் போட்டால் காணும். வேகத்துக்கும் அப்படித்தான். வெவ்வேறு நேரத்தில் மூன்று தரம் வெறும் குரலில் பாடிப் போனில் பதியுங்கள். ஒவ்வொன்றையும் போட்டுத் தட்டித் தட்டி நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தந்தால் அதுதான் பாட்டின் வேகம். பல்லவி மட்டும் மூன்று தடவையும் இரண்டு தட்டு கூடினால் அது பிழை கிடையாது, பாட்டு அப்படித்தான் மூச்சு விடுகிறது. கிளிக்கைச் சரணத்துக்கு 92, பல்லவிக்கு 94 என்று வைக்க இன்றைய பதிவு மென்பொருள்களில் பெரும்பாலானவை விடும்.

சுருதி மாற்ற முடியாத வாத்தியம் ஏதாவது பாட்டில் இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் அளவு. வீட்டில் இருக்கும் பழைய ஆர்மோனியம் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி அளவுக்கு நிற்காது. அதைத் திருத்தவும் நினைத்த நேரத்தில் ஏலாது. அதைப் பாட்டில் சேர்ப்பதாக இருந்தால் கிட்டாரையும் கீபோர்ட்டையும் அதற்கு ஏற்றபடி திருத்திவிட்டுத்தான் முதல் ட்ராக்கைத் தொடங்க வேண்டும். ஆர்மோனியத்தைக் கடைசியில் சேர்க்கலாம் என்று விட்டு, பிறகு முழுப் பாட்டையும் திரும்பப் பதிந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இப்போது முதல் ட்ராக். இதை வழிகாட்டி ட்ராக் என்பேன், முடிந்த பாட்டில் இது கேட்காது. கிளிக்கைக் காதில் போட்டு, கிட்டாரும் குரலுமாகச் சேர்த்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் பாடுங்கள். சினிமாக்காரர் "ட்ராக் பாடுவது" என்கிறார்களே, பெரிய பாடகர் வருமுன் வேறொருவர் பாடி வைப்பது, அதேதான். இதில் ஒரு பிழை விட்டுப் படித்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு பாட்டுக்கு, எப்படியும் அழிக்கப்போகிற ட்ராக்தானே என்று வழிகாட்டிக் குரலை முணுமுணுத்து வைத்தேன். அதைக் கேட்டபடிதான் தபேலாவும் கீபோர்ட்டும் பேஸும் (கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பகுதி) பதிவாயின. கடைசியில் உண்மைக் குரலைப் பாட நின்றபோது, பல்லவி எழும்ப வேண்டிய இடத்தில் கீழே எதுவுமே எழும்பவில்லை. ஒவ்வொரு வாத்தியமும் அந்த முணுமுணுப்புக்கு ஏற்றபடி அடக்கமாக வாசித்திருந்தது. அன்றிலிருந்து வழிகாட்டி ட்ராக்கை மேடையில் பாடுவது போலத்தான் பாடுகிறேன். சொல் தவறலாம், சுருதி சற்று விலகலாம், உணர்ச்சி குறையக் கூடாது.

கிளிக்கைப் பற்றி ஒரு சொல். பைலா நடை, நம் பொப்பிசையில் நிறைய வரும் அந்த ஆறெட்டுத் தாளம், உங்கள் பாட்டில் இருந்தால், கிளிக்கை ஆறு தட்டாக வைத்தால் கை விறைத்துப் போகும். பெரிய தட்டு இரண்டு மட்டும் வைத்தால் நடுவில் மிதந்துவிடுவீர்கள். இரண்டு பெரிய தட்டோடு குலுக்கி ஒலிக்கும் ஷேக்கரின் மெல்லிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) ஒன்றை ஓட விடுவது என் வழக்கம். 'டிக் டிக்' என்பதைவிட ஷேக்கரோடு மனிதக் கை இலகுவில் சேரும். பாட்டு விருத்தமாகவோ ஆலாபனையாகவோ தொடங்கினால் அந்தப் பகுதிக்குக் கிளிக்கே வேண்டாம். சுருதிப்பெட்டியை மட்டும் காதில் விட்டு அதைத் தனியாகப் பதிந்து முன்னால் ஒட்டுங்கள்.

வழிகாட்டிக்குப் பிறகு என்ன என்பதில் இரண்டு வழி இருக்கிறது. இங்கே நான் சொல்வது அனுபவம், விதி என்று எடுக்க வேண்டாம். பாட்டை ஓட்டுவது தாளம் என்றால், அதாவது கேட்கிறவர் கால் ஆட்டினால், கஹோன் அடுத்து வரட்டும். அதன் மேல் பேஸ், அதன் மேல் கிட்டார். பாட்டை ஓட்டுவது கிட்டாரின் விரல் மீட்டல் என்றால், அந்தக் கிட்டாரைக் கிளிக்கோடு வடிவாகப் பதிந்துவிட்டு, கஹோனை அதற்குக் கீழே மெதுவாக வையுங்கள். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. அதனால் "தாளத்தைத்தான் முதலில் பதிய வேண்டும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கலங்க வேண்டாம். கிட்டாரை முதலில் பதிந்தது உங்கள் பிழை இல்லை. கிளிக்கும் குரலும் காதில் இல்லாமல் பதிந்ததுதான் சிக்கல்.

எதை முதலில் பதிவது என்ற இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பயம் போகும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் போலும் பாடகி மேரி ஃபோர்டும் ஒரு டேப் இயந்திரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்தபோது, ஒவ்வொரு புது அடுக்குக்கும் பழைய அடுக்கு முழுவதும் திரும்பப் பிரதியானது. பிரதியாகப் பிரதியாகத் தெளிவு குறையும், இரைச்சல் கூடும். ஆகவே முக்கியம் குறைந்த பகுதியை முதலிலும், குரலையும் முன்னணிக் கிட்டாரையும் கடைசியிலும் வைக்க வேண்டியிருந்தது. இன்று உங்கள் லப்டொப்பில் முதல் ட்ராக் ஐம்பதாவது ட்ராக் வந்த பிறகும் அப்படியே இருக்கும். தேய்மானம் இல்லை. அந்தக் காரணம் போய்விட்டது, யார் யாரைக் கேட்கிறார்கள் என்ற காரணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1970இல் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி தன் முதல் தனி இசைத்தட்டின் பெரும்பகுதியை வீட்டில், நாலு ட்ராக் இயந்திரம் ஒன்றில் தனியாகப் பதிந்தார். அதன் முதல் பாட்டில் முதல் ட்ராக்கே குரலும் கிட்டாரும் சேர்ந்ததுதான். பிறகு இன்னொரு கிட்டார், பிறகு ஒரு புத்தகத்தைக் கையால் தட்டிய தாளம், கடைசியில் பேஸ். டிரம்ஸோடு தொடங்கும் வரிசைக்குக் கிட்டத்தட்ட நேர் எதிர், ஆனால் அந்தப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம்.

இனி நான் அதிகம் வற்புறுத்துவது. தாளம், பேஸ், ஒரே ஒரு கார்ட் வாத்தியம், இந்த மூன்றும் வந்தவுடன் முதன்மைக் குரலைப் பாடிவிடுங்கள். கீபோர்ட் அலங்காரம், இடையிசை, இரண்டாவது கிட்டார் எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலானோர் எல்லா வாத்தியத்தையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் குரலுக்கு நிற்கிறார்கள். அதில் இரண்டு கெடுதி. ஒன்று, குரல் அந்த நெரிசலுக்குள் இடம் தேடி அலைகிறது. பாடும் வரி முடிந்து அடுத்த வரி தொடங்க முன் இருக்கும் சின்ன வெளியில்தான் கீபோர்ட் ஒரு துண்டு வாசிக்க வேண்டும். குரல் இன்னும் இல்லாதபோது அந்த வெளி எங்கே என்று கீபோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? ஊகித்து வாசிப்போம். பிறகு பாடும்போது ஒரு சொல்லை நீட்ட மனம் வரும், அந்த இடத்தில் கீபோர்ட் குறுக்கே நிற்கும், நீட்டாமல் விட்டுவிடுவோம். இப்படி இழந்த நல்ல நீட்டல்கள் எத்தனையோ. இரண்டாவது, நிறைந்த இசைக்கு மேலே பாடும்போது குரலைத் தள்ளிப் பாடுகிறோம். வெறும் கிட்டாருக்குப் பக்கத்தில் பாடினால் கதைப்பது போன்ற நெருக்கம் வரும். உங்களுடையது மெதுவான பாட்டு என்றபடியால் அந்த நெருக்கம் வேண்டும்.

கோரஸும் இரட்டைக் குரலும் முதன்மைக் குரல் முடிவான பிறகுதான், அது உறுதி. இரண்டாவது குரல் முதலாவதின் ஒவ்வொரு சொல்லோடும் சேர்ந்து இறங்க வேண்டும். முதலாவதைப் பிறகு மாற்றினால் இரண்டாவதும் வீண். நம் மொழியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் உயிரிலோ ம், ன், ல், ர் போன்ற மென்மையான மெய்யிலோ முடிவதால், ஆங்கிலப் பாட்டில் வரும் 'ஸ்ஸ்', 'ட்' சொல்முடிவுச் சிதறல் நமக்குக் குறைவு. நம் தொல்லை சொல்லின் நடுவில் இருக்கிறது. "கண்ணுக்குள்" என்று மூன்று தடவை பதிந்தால், மூன்று 'க்க'வும் மூன்று நேரத்தில் விழுந்து கல்லைக் கொட்டுவது போலக் கேட்கும். முதன்மைக் குரலில் 'க்க', 'ட்ட', 'த்த', 'ப்ப' எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். மேலே போடும் குரல்களில் அவற்றைத் தொட்டும் தொடாமலும் கடந்து உயிரெழுத்தில் மட்டும் நில்லுங்கள். கேட்கிறவருக்குச் சொல்லும் விளங்கும், குரலும் அகலமாக இருக்கும்.

இந்த வரிசை எல்லாவற்றையும் கொழும்பு கொஞ்சம் கலைத்துப் போடும். வெள்ளவத்தையில் ஒரு பக்கம் கரையோர ரயில், மறு பக்கம் காலி வீதி பஸ் ஹோர்ன். விடியற்காலையில் காகம். பிறகு பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் மெட்டோடு வந்து நிற்கும். கண்டென்ஸர் மைக் இதையெல்லாம் ஒன்றும் விடாமல் எடுக்கும். கேபிளால் நேரே போகும் கீபோர்ட், பேஸ் போன்றவற்றைப் பகலில் எந்த நேரத்திலும் பதியலாம். கஹோனுக்கு மைக்கைக் கிட்ட வைப்போம், சத்தமும் பலமானது, ஆகவே வெளிச் சத்தத்தை அது ஓரளவு மூடிவிடும். ஆனால் கீழ்வீட்டாருக்கு அது தலையில் தட்டுவது போல இருக்கும். அதைச் சனி, ஞாயிறு முற்பகலில், கீழே ஒரு தடித்த பாயை மடித்துப் போட்டு வாசியுங்கள். மெதுவான குரலும் விரல் மீட்டல் கிட்டாரும் இரவுக்கு. வழிகாட்டி ட்ராக் ஒன்று கையில் இருந்தால், வாத்தியங்களுக்குள் முன்பின் மாறினாலும் பெரிய நட்டம் வராது. இரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கீபோர்ட்டால் பேஸைப் பதிந்துவிடலாம்.

விசிறியை நிறுத்தித்தான் பாட வேண்டும். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வியர்க்கும், அறைச் சூடு மாறும், கிட்டார் சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவைப் பதிவுக்கும்) முன்னர் சுருதி காட்டும் ட்யூனரைப் பாருங்கள். கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுக் கம்பியைப் பதிவுக்கு முந்தின நாளே மாட்டி நன்றாக இழுத்து வாசித்துவிட்டால் அடுத்த நாள் நின்று கொடுக்கும். ஒரு வாத்தியத்தை முடிந்தவரை ஒரே இருப்பில் முடியுங்கள். முடியாவிட்டால் மைக் நின்ற இடத்தையும் உங்கள் கதிரை இருந்த இடத்தையும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் செய்து, இன்டர்பேஸின் குமிழ் நின்ற எண்ணையும் எழுதி வையுங்கள். நாலு சரணமும் நாலு வெவ்வேறு அறை மாதிரிக் கேட்பதற்கு இந்த அலட்சியம்தான் பெரும்பாலும் காரணம்.

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் ஒரு பழக்கம் வந்தது, இன்னும் விடவில்லை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் சேமிக்க வேண்டும், லப்டொப் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். அதிலேயே ஒரு நன்மையும் கண்டேன். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் கிட்டார் லைனில் கேட்கும் அந்த 'ஊம்' பல தடவை குறைந்துவிடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் 50இலும் 100இலும் உட்கார்ந்து பேஸைக் கலக்கும்.

வாசித்த ஒலி கணினிக்குள் போய்க் காதுக்குத் திரும்பும் தாமதம் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. ஒலியைக் கணினி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்தான் பஃபர்; 48 கிலோஹெர்ட்ஸில் அது 256 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு ஏறக்குறைய ஐந்து மில்லிசெக்கன். ஒலி காற்றில் ஒரு மில்லிசெக்கனில் சுமார் 34 சென்றிமீற்றர் போகும். ஆக, போக வரப் பத்து மில்லிசெக்கன் என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்று வாசிப்பது மாதிரி. பாடும்போது அது தெரியாமல் போகலாம், கஹோனில் தெரியும். இன்டர்பேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள். எதிரொலி போன்ற பாரமான எஃபெக்ட் எல்லாவற்றையும் பதிவு முடியும் வரை நிறுத்தி வையுங்கள். ஒலி அளவில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். மென்பொருளில் 24 பிட் தரத்தில் பதிந்தால் அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை.

எல்லாம் பதிந்து முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, பலர் அதைச் செய்வதே இல்லை. முதலில் பதிந்த வாத்தியத்தைக் கடைசியில் திரும்பப் பதியுங்கள். உங்கள் விஷயத்தில் அது கிட்டார். அது வாசிக்கப்பட்ட நேரத்தில் உங்கள் உண்மைக் குரலும் இல்லை, கஹோனும் இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. வழிகாட்டியை மூடி, குரலைக் காதில் விட்டு, அதே கிட்டாரை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். வரி இறுதியில் கை தானாக அடங்கும், பல்லவிக்கு முன் தானாக எழும்பும். இதற்குத் தேவை ஒரு அரை மணித்தியாலம். என் பதிவுகளில் "இது ஒரு குழு வாசித்தது" என்று கேட்டவர்கள் சொன்ன பாட்டுகள் பெரும்பாலும் இப்படித் திரும்ப வாசித்தவைதான்.

பழைய கிட்டாருக்குக் கிளிக்கை வளைத்துப் பொருத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மென்பொருளால் முடியும். ஒவ்வொரு தட்டையும் பிடித்துப் பிடித்து வேகக் கோடு வரைந்தால் கஹோன் ஓரளவு உட்காரும். ஆனால் நாலு நிமிடப் பாட்டுக்கு அது இரண்டு மாலை வேலை, திரும்ப வாசிப்பது ஒரு மாலை. அந்தப் பழைய கிட்டார் எடுப்பில் உயிர் இருக்கிறது, இனி அப்படி வராது என்று உங்கள் காது சொன்னால் மட்டும் வளையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தச் சனிக்கிழமை இரவு விசிறியை நிறுத்தி, கட்டையையும் வேகத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி, வழிகாட்டி ட்ராக்கை முழுக்குரலில் ஒரு தடவை பாடி வையுங்கள். கஹோன் ஞாயிறு முற்பகல்.